நடைபழகும் குழந்தையுடன் நெடுந்தூரக் கார்ப் பயணம்: முதன்முறை கிளம்புகிறவர்களுக்கான செய்முறை

ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு நாள் முழுக்கக் காரில் போவதென்றால், பெற்றோருக்கு முதலில் வருவது அழுகையைப் பற்றிய பயம்தான். அழுகை வரத்தான் செய்யும், அதைச் சமாளிக்கவும் வழி உண்டு. ஆனால் அதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும்: பயணத் திட்டத்தைக் கிலோமீட்டரிலிருந்து தொடங்காமல், குழந்தை எப்போது தூங்கும், எப்போது பசிக்கும், எவ்வளவு நேரம் ஓரிடத்தில் உட்காரும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சாலையை இந்த நேரங்களுக்குள் பொருத்திக்கொண்டால், வழியில் வரக்கூடிய சிக்கல்களில் பெரும்பகுதி கிளம்பும் முன்பே குறைந்துவிடும்.

படி 1: குழந்தையின் ஒரு நாளை எழுதிக்கொள்ளுங்கள்

கிளம்புவதற்கு முந்தைய வாரத்தில், குழந்தை விழிக்கும் நேரம், சாப்பிடும் நேரம், மலம் கழிக்கும் நேரம், பகல் தூக்கம் தொடங்கி முடியும் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து வாருங்கள். ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. பயண நாளில் இந்தக் கணக்கில் இரண்டு மணி நேரம் குறைந்தால், மாலையில் அந்தக் குழந்தையை எந்தப் பொம்மையாலும் அமைதிப்படுத்த முடியாது. பயணத்தில் நடக்கும் பெரிய அழுகைகள் பலவற்றுக்கும் சலிப்பைவிடத் தூக்கக் குறைவே காரணமாக இருக்கிறது.

படி 2: தூரத்தை மணி நேரமாக மாற்றுங்கள்

வரைபடச் செயலி 6 மணி நேரம் என்று காட்டினால், அது எங்கும் நிற்காமல் ஓட்டுகிறவருக்கான கணக்கு. குழந்தை இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நிறுத்தி, இருக்கையிலிருந்து இறக்கி நடக்கவிட வேண்டும். அரை மணி நேர நிறுத்தம் இரண்டு, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால், அதே பயணம் 8 மணி நேரமாகிவிடும். அதற்கு மேல் நீளும் பயணத்தை இரண்டு நாளாகப் பிரித்து, நடுவில் ஓரிடத்தில் இரவு தங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. தங்கும் செலவைக் கணக்கிடும்போது, களைத்துப்போன பெற்றோரும் தூங்காத குழந்தையுமாகப் போய்ச் சேர்ந்தால் முதல் நாள் முழுக்க வீணாகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கிளம்பும் நேரத்துக்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. அதிகாலையில் குழந்தையைத் தூக்கத்தோடே இருக்கையில் அமர்த்திக் கிளம்பினால், முதல் இரண்டு மணி நேரம் அமைதியாகக் கடந்துவிடும். அல்லது காலையில் நன்றாக ஓடியாட விட்டு, பகல் தூக்கத்துக்குச் சற்று முன்பாகக் கிளம்பலாம். குழந்தை இரவு முழுவதும் தூங்கும் என்பதற்காக இரவுப் பயணத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள், நள்ளிரவிலிருந்து காலை 6 மணி வரை ஓட்டுகிறவரின் உடலும் தூக்கத்தைத்தான் கேட்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பகலில் நன்றாக ஓய்வெடுத்த இரண்டு பேர் மாறி மாறி ஓட்ட முடிந்தால் மட்டுமே இரவைப் பற்றி யோசியுங்கள். பிற்பகல் 2 மணியிலிருந்து 4 மணி வரையிலும் கண் சொக்கும் என்பதால், அந்த நேரத்தில் ஒரு நிறுத்தத்தை வைத்துக்கொள்வது நல்லது.

படி 3: கார் சீட்டைச் சரியாகப் பொருத்துங்கள்

கார் சீட் என்பது காரின் இருக்கை மேல் பொருத்தி, குழந்தையை வார்களால் பிணைத்து அமர்த்தும் தனிச் சீட். மற்ற எல்லாப் படிகளிலும் அவரவர் வசதிக்கேற்ப மாற்றம் செய்துகொள்ளலாம். இந்தப் படியில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிட்டால், 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 140 கிலோ எடையைத் தாங்கும் விசை தேவைப்படும். எவ்வளவு வலிமையான கையாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. எனவே மடியில் வைத்துக்கொள்வதும், ஒரே பெல்ட்டைப் பெரியவருக்கும் குழந்தைக்கும் சேர்த்துப் போடுவதும் பாதுகாப்பு ஆகாது. பின்னதில் பெரியவரின் எடையே குழந்தையை நசுக்கிவிடும்.

சீட் எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பதே அடுத்த கேள்வி. இந்த வயதில் உடலின் அளவுக்குத் தலை பெரியது, கழுத்தெலும்பும் தசைநார்களும் இன்னும் உறுதிப்படவில்லை. காரின் பின்புறத்தைப் பார்த்தவாறு குழந்தை அமர்ந்திருந்தால், முன்பக்கம் மோதும்போது விசை முழுவதும் தலை, கழுத்து, முதுகு என்று சீட்டின் முதுகுப்பகுதி எங்கும் பரவிப்போகும். முன்னோக்கி அமர்ந்திருந்தால் உடலை வார் பிடித்துக்கொள்ள, தலை மட்டும் தனியே முன்னே இழுக்கப்படும். குழந்தைகளின் கார் சீட்டுகளுக்கான ஐ.நா.வின் ஆர் 129 விதி, குறைந்தது 15 மாதம் வரை பின்னோக்கியே அமர்த்த வேண்டும் என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2018-இல் இன்னும் ஒரு படி மேலே போய், வயதைப் பார்க்காமல், அந்தச் சீட்டுக்கு உரிய உயர வரம்பையோ எடை வரம்பையோ எட்டும் வரை பின்னோக்கியே வைத்திருக்கும்படி பரிந்துரைத்தது. கால் மடங்கியிருக்கிறதே என்று பெற்றோர் கவலைப்படுவதுண்டு. குழந்தைகள் காலை மடக்கி வசதியாகவே உட்கார்ந்துகொள்வார்கள். அதற்காக அவசரப்பட்டு முன்னோக்கித் திருப்ப வேண்டாம்.

சீட்டை எப்போதும் பின்வரிசையில்தான் பொருத்த வேண்டும். இயக்கத்தில் உள்ள ஏர்பேக்குக்கு எதிரே பின்னோக்கிய சீட்டை ஒருபோதும் வைக்கக்கூடாது. ஏர்பேக் விரியும் வேகமே குழந்தையின் உயிரைப் பறித்துவிடும். ஐசோஃபிக்ஸ் கொக்கிகளை (காரின் இருக்கையில் உள்ள கம்பிகளில் சீட்டை நேராக மாட்டும் கொக்கிகள்) கொண்டு பொருத்தினாலும் காரின் பெல்ட்டைக் கொண்டு பொருத்தினாலும், சரியாகப் பொருத்தினால் இரண்டும் நல்லவையே. சீட்டோடு வந்த கையேடு அனுமதித்தால் தவிர இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள். பொருத்திய பின், பெல்ட் நுழையும் இடத்துக்கு அருகில் சீட்டைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் மீண்டும் இறுக்க வேண்டும். முன்னோக்கிய சீட் என்றால், அதன் மேற்பகுதியிலிருந்து வரும் இணைப்புப் பட்டையைக் காரில் அதற்கென உள்ள கொக்கியில் மாட்ட மறக்காதீர்கள்.

பிறகு குழந்தையை அமர்த்தி வார்களைப் பாருங்கள். பின்னோக்கிய சீட்டில் தோள் வார்கள் தோளின் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். முன்னோக்கிய சீட்டில் தோளின் மட்டத்திலோ சற்று மேலிருந்தோ வர வேண்டும். வாரை இறுக்கிவிட்டு, காறை எலும்பின் அருகே அதை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பாகக் கையில் சிக்கினால் இன்னும் தளர்வாக இருக்கிறது. விரல் வழுக்கிக்கொண்டு போனால் சரி. தடித்த மேலாடையின் மேல் வாரைப் போட்டால், மோதும் கணத்தில் துணி அமுங்கி வார் தளர்ந்துவிடும் என்பதால், மேலாடையைக் கழற்றி வாரைப் போட்டு, குளிர்ந்தால் அதன் மேல் போர்வையைப் போர்த்துங்கள்.

சீட்டில் உட்காரவே மறுத்து முதுகை வில்லாக வளைக்கும் குழந்தையை நெடும்பயண நாளில் முதன்முதலாக வழிக்குக் கொண்டுவர முடியாது. இரண்டு வாரம் முன்பிருந்தே பத்து நிமிடம், அரை மணி நேரம் என்று சின்னப் பயணங்களில் பழக்குங்கள். மேல் பக்கிளைக் குழந்தையின் கையாலேயே போட வைத்து, கீழே உள்ளதை நீங்கள் போட்டால், தனக்கும் அதில் பங்கு இருக்கிறது என்ற நிறைவில் பல குழந்தைகள் அடங்கிவிடுவார்கள். வண்டி ஓடும்போது அழுதாலும் வாரைக் கழற்றுவதில்லை, எடுத்தாக வேண்டுமென்றால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திய பிறகே எடுப்பது என்று பெரியவர்கள் எல்லோரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டி உடன் வந்தால், மனம் இளகி முதலில் கழற்றப் போகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்; காரணத்தைப் பொறுமையாக விளக்கிச் சொன்னால் அவர்களே காவலாகவும் இருப்பார்கள்.

படி 4: யார் என்ன செய்வது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

ஓட்டுகிறவர் ஓட்டுவதை மட்டுமே செய்ய வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி திரும்பிப் பார்த்தால், வண்டி ஏறக்குறைய 44 மீட்டர் தூரத்தைப் பார்வையில்லாமல் கடந்திருக்கும். ஆகவே இன்னொரு பெரியவர் பின்வரிசையில் குழந்தைக்கு அருகில் அமர்வதுதான் நல்லது. தனியாகக் குழந்தையுடன் போகிறவர்கள், கீழே விழுந்த பொம்மைக்கும் சிணுங்கலுக்கும் திரும்புவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டு, நிறுத்தங்களை இன்னும் நெருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்கதவுகளின் குழந்தைப் பூட்டையும் ஜன்னல் பூட்டையும் கிளம்பும் முன் சோதித்துவிடுங்கள்.

படி 5: பைகளைப் பிரித்துக் கட்டுங்கள்

எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்தால், நடுவழியில் ஒரு சட்டைக்காகப் பெட்டி முழுவதையும் கலைக்க நேரும். ஊர் போய்ச் சேரும் வரை திறக்க வேண்டியிராத பெட்டிகள் பின்னறையின் அடியில் போகட்டும். வழியில் தேவைப்படும் டயப்பர், ஈரத்துடைப்பான், மாற்று உடை இரண்டு, விரிப்பு, அழுக்குத் துணி போட வாய் கட்டும் பைகள் ஆகியவை ஒரு தனிப் பையில் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். டயப்பரை இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று கணக்கிட்டு, அதற்கு மேல் நான்கைந்து வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கும் ஆளுக்கொரு மாற்றுச் சட்டை அந்தப் பையிலேயே இருக்கட்டும், ஏனென்றால் குழந்தை வாந்தி எடுக்கும்போது தூக்கி வைத்திருப்பவர் மீதுதான் எடுக்கும். காய்ச்சல் மருந்தை மருத்துவர் எடைக்கேற்பச் சொன்ன அளவோடு எழுதி, வெப்பமானி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆகியவற்றோடு சேர்த்து வையுங்கள். கனமான எதையும் பின்வரிசையின் பின்னால் உள்ள மேடையில் கட்டாமல் வைக்காதீர்கள். திடீரென்று பிரேக் போட்டால் அது நேரே குழந்தையின் தலைக்குத்தான் பறந்துவரும்.

படி 6: உணவும் குமட்டலும்

குழந்தை ஏற்கெனவே சாப்பிட்டுப் பழகிய உணவையே கொண்டுபோங்கள். பயண நாள் புது உணவைச் சோதித்துப் பார்க்கும் நாள் அல்ல. நன்றாக உண்ண வேண்டியதை நிறுத்தத்தில் கொடுத்து, ஓடும் வண்டியில் அருகில் ஒருவர் கவனித்துக்கொண்டிருக்கும்போது மட்டும் மென்மையான சிறுதீனியைக் கொடுங்கள். முழுக் கொட்டைகள், சோளப்பொரி, கெட்டியான மிட்டாய் ஆகியவை நான்கு வயது வரை வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டியே கொடுக்க வேண்டும். மூச்சுக்குழல் அடைபட்ட குழந்தையால் சத்தம் எழுப்ப முடியாது என்பதால், முன்னிருக்கையில் இருப்பவருக்கு எதுவும் தெரியாமலே போய்விடும்.

பயணக் குமட்டல் இரண்டு வயதுக்குக் கீழ் அரிது. இரண்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள்தான் அதிகம். அசைவை உள்காது உணர, கண் மட்டும் அசையாத பொருளையே பார்த்துக்கொண்டிருந்தால், மூளைக்குப் போகும் இரண்டு செய்திகளும் முரண்படுவதால் அது உண்டாகிறது. இந்த வயதுக் குழந்தைக்கு அதை வாயால் சொல்லத் தெரியாது. கலகலவென்று இருந்த குழந்தை திடீரென்று அமைதியாகி, முகம் வெளுத்து, கொட்டாவி விட்டு, வாயில் எச்சில் ஊற, விரும்பிச் சாப்பிடும் தீனியையும் தள்ளிவிட்டால், வாந்தி வரப்போகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். அந்தக் கணத்திலேயே புத்தகத்தையும் திரையையும் அகற்றி, வெளிக்காற்றை உள்ளே விட்டு, தூரத்துப் பொருளைக் காட்டிப் பேச்சுக் கொடுங்கள். வாய்ப்புக் கிடைத்தவுடன் வண்டியை நிறுத்துங்கள். குமட்டலுக்கான மருந்தை மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக்கூடாது.

படி 7: ஓடும் வண்டியில் பொழுதைக் கழிப்பது

எல்லாப் பொம்மைகளையும் முதல் மணி நேரத்திலேயே கொட்டிவிடாமல், ஒரு நேரத்தில் ஒன்றாக எடுத்து, சலித்ததும் உள்ளே வைத்துவிட்டு அடுத்ததைக் கொடுங்கள். சில நாள் கண்ணில் படாமல் ஒளித்துவைத்த பழைய பொம்மைக்கும் புதுப் பொம்மையின் மதிப்பு வந்துவிடும். ஒட்டி எடுக்கும் படங்கள், மூடித் திறக்கும் டப்பாக்கள், துணிப் புத்தகம் ஆகியவை நன்றாக உதவும். பொத்தான் பேட்டரி உள்ள பொம்மைகளில் பேட்டரி மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; விழுங்கினால் அது சில மணி நேரத்திலேயே உணவுக்குழலை அரித்துவிடும். இரண்டு வயதுக்கு முன் திரை வேண்டாம் என்றும், அதன்பின் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் கூறியது. பயணத்தில் அதைக் கடைசி ஆயுதமாக, களைத்துப்போன இறுதி மணி நேரத்துக்கு வைத்திருங்கள்.

அழுகை தொடங்கினால் பசி, ஈரம், வெப்பம், கண்ணில் விழும் வெயில், உடலில் அழுந்தும் பக்கிள் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எதுவும் இல்லையென்றால் அது தூக்கத்துக்கு முந்தைய அழுகையாக இருக்கலாம். மெல்லிய குரலில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடினால் பெரும்பாலும் அடங்கிவிடும். ‘இதோ வந்துவிட்டோம்’ என்று பொய் சொல்லாதீர்கள். ஒரு முறை ஏமாந்த குழந்தை அடுத்த முறை நீங்கள் உண்மையைச் சொல்லும்போதும் அமைதியடையாது.

படி 8: நிறுத்தங்கள்

நிறுத்தத்தின் நோக்கம் குழந்தையின் உடல் அசைவதுதான். பெரியவர்கள் உட்கார்ந்து இளைப்பாறும் வேளையில் குழந்தையையும் மடியில் உட்கார வைத்தால் நின்றதன் பயனே இல்லை. போக்குவரத்திலிருந்து விலகிய இடத்தில், ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ள, நன்றாக நடக்கவும் குதிக்கவும் விடுங்கள். கிளம்புவதற்கு ஐந்து நிமிடம் முன்பே சொல்லிவிட்டால் மீண்டும் சீட்டில் ஏற்றும்போது அடம் குறையும்.

தூங்குகிறதே என்று குழந்தையைக் காரில் விட்டுவிட்டு ஒரு நிமிடம்கூட இறங்கிப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்துவிடும், ஜன்னலைச் சற்று இறக்கி வைப்பதால் அது குறைந்துவிடாது. குழந்தையின் உடலோ பெரியவர் உடலைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். திரும்பி வந்து அமர்த்தும் முன், பக்கிளின் உலோகப் பகுதியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெயிலில் அது தோலைச் சுடும் அளவுக்குக் காய்ந்திருக்கும்.

படி 9: போய்ச் சேர்ந்ததும்

குழந்தை தூங்கிக்கொண்டே வந்து சேர்ந்தால், கார் சீட்டோடு உள்ளே தூக்கிக்கொண்டு போய் அதிலேயே தூங்கவிடாமல், சமதளமான படுக்கைக்கு மாற்றுங்கள். சாய்ந்த சீட்டில் தலை முன்னே கவிழ்ந்தால் மூச்சு அடைபடலாம். தங்கும் இடத்தில் பிளக் துளைகள், படிக்கட்டு, தண்ணீர் வாளி, தாழ்ந்த ஜன்னல் ஆகியவற்றை ஒருவர் முதலில் சுற்றிப் பார்த்துவிட்ட பிறகே குழந்தையைத் தரையில் இறக்கிவிடுங்கள். முதல் ஓரிரு இரவுகள் தூக்கம் கலையும். வீட்டில் உறங்கும் நேரத்தையும் அதே போர்வையையும் விடாமல் கடைப்பிடித்தால் விரைவில் சரியாகிவிடும். மூட்டைகளை இறக்க சீட்டைக் கழற்றியிருந்தால், திரும்பிவரும் பயணத்துக்கு முன் மூன்றாம் படியில் சொன்ன சோதனைகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யுங்கள்.