சுடர் வேகம் பொருந்திவிட்டால் போதுமா? விமான எரிபொருள் மாதிரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விமானங்களில் பயன்படும் ஜெட் ஏ எரிபொருளின் ஒரு சொட்டில் நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்கள் இருக்கின்றன. அது எரிவதைக் கணக்கிடும் கணினி மாதிரியில் அத்தனையையும் ஏற்ற முடியாது என்பதால், சில சேர்மங்களைக் கலந்த பதிலி எரிபொருளை வைத்து வேலை பார்க்கிறோம். முதல் சறுக்கல் இங்கேதான். என்-டோடெக்கேன் (பன்னிரண்டு கார்பன்கள் கொண்ட நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன்) ஒன்றே போதும் என்று எடுத்தால் கணக்கு சுலபம். ஆனால் அதில் அரோமேட்டிக் வளையங்கள் இல்லை, புகைக்கரி குறைவாகவே வரும். எவ்வளவு எளிதில் தானாகத் தீப்பற்றும் என்பதைக் காட்டும் சீட்டேன் எண்ணும் ஜெட் ஏ-யைவிட மிக அதிகம். ஹைட்ரஜன்-கார்பன் விகிதம், சராசரி மூலக்கூறு எடை, சீட்டேன் எண், புகைக்கரி நாட்டம் ஆகிய நான்கையும் சேர்த்துப் பொருத்துங்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது அடுத்த தவறு. சுடர் வேகம் என்பது எரியாத கலவைக்குள் சுடர் முன்னேறும் வேகம்; அதன் வரைபடத்தில் மாதிரியின் கோடு சோதனைப் புள்ளிகள் மேல் அழகாகப் போய் விழும். உடனே மாதிரி தயார் என்று முடிவுகட்டிவிடுவார்கள். சுடருக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பெரிய மூலக்கூறுகள் சூட்டிலேயே எத்திலீன், மீத்தேன், புரோப்பீன், ஹைட்ரஜன் என்று உடைந்துவிடுகின்றன. அப்புறம் வேகத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஹைட்ரஜன் அணுவும் ஆக்சிஜனும் மோதும் வினைதான். அதாவது அந்த வரைபடம் உங்கள் எரிபொருளைப் பற்றிச் சொல்வது கொஞ்சமே. (ஸ்டான்ஃபோர்டில் உருவான ஹைகெம் என்ற எரிபொருள் மாதிரி அணுகுமுறை இந்த உண்மையையே அடித்தளமாக எடுத்துக்கொண்டது.) ஏறத்தாழ 700 முதல் 900 கெல்வின் வரை கதையே வேறு. அங்கே எரிபொருள் ஆக்சிஜனோடு சேர்ந்து பெராக்சைடுகளை உருவாக்கும் வேதியியல் ஆள்கிறது. வெப்பநிலை கூடும்போது தீப்பற்றும் தாமதம் குறையாமல் நீள்வதும் உண்டு. அந்தப் பகுதியில் தாமதத்தை ஒப்பிடாத மாதிரியை நான் நம்பமாட்டேன்.

ஒப்பிடும்போது இன்னொன்று: அதிர்வலையால் வாயுவை நொடிப்பொழுதில் சூடாக்கித் தாமதத்தை அளக்கும் ஷாக் டியூப் என்ற குழாயில், நீண்ட நேரச் சோதனைகளில் அழுத்தம் மெல்ல ஏறும். அதை விட்டுவிட்டு மாறாக் கன அளவு என்று கணக்கிட்டால் தாமதம் அதிகமாக வரும், பழி வினை வீதங்கள் மேல் விழும்.

சுருக்கிய மெக்கானிசத்தை (முக்கியமான வினைகளை மட்டும் வைத்துக்கொண்ட வினைப் பட்டியலை), அது எந்த அழுத்தத்துக்கும் கலவைக்கும் சுருக்கப்பட்டதோ அதற்கு வெளியே ஓட்டாதீர்கள்.

கடைசியாக, அலகுகள். ஒரு வினை நடக்கத் தாண்ட வேண்டிய கிளர்வு ஆற்றல் மோலுக்கு 16,000 கலோரி என்று கோப்பில் இருப்பதை மென்பொருள் ஜூல் என்று படித்தால், 1000 கெல்வினில் வினை வீதம் 400 மடங்குக்கு மேல் எகிறும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஓட்டுவதற்கு முன் ஒரே ஒரு வினையின் வீதத்தைக் கையால் போட்டு, மென்பொருள் தரும் எண்ணோடு ஒப்பிட்டுவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.