வலிகாமம் வடக்கில் காணி பார்க்கப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் படையினர் வைத்திருந்து விடுவித்த காணியைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிறீர்களா? வளவுக்குள் கால் வைக்கும் முன்பே காகித வேலையைத் தொடங்கிவிடுங்கள். இரண்டு மூன்று கிழமை விடுமுறை கந்தோர் அலைச்சலுக்கே போய்விடும்.

1990 ஜூனில் மயிலிட்டி, பலாலி, காங்கேசன்துறைச் சனம் போரால் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது. பலரிடம் உறுதி (காணிப் பத்திரம்) இல்லை. அதற்காகக் காணி போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க முயலலாம். உறுதி இலக்கம், அதை எழுதிய நொத்தாரிசின் (உறுதி எழுதும் சட்டத்தரணி) பெயர், காணிப் பெயர் என எது ஞாபகம் இருக்கிறதென்று வீட்டு மூத்தவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். ‘அப்பாவின் வீடு’ என்று சொல்லிப் பழகியிருப்போம், உறுதியைப் பார்த்தால் அது அம்மாவின் சீதனமாக இருக்கும். யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டம் முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்று பிரித்துத்தான் உரித்தைப் பார்க்கும். அதே காணியில் பங்குள்ள பங்காளிகள் இருந்தால், வெளியாளுக்கு விற்கும் முன் அவர்களுக்கு அறிவித்தே ஆக வேண்டும்.

வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் புதிதாகக் காணி வாங்க 2014ஆம் ஆண்டின் சட்டம் தடை. பெற்றோர் வழியாக உரித்து வருவதை அது தடுக்காது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

சரி, இனிக் காணி. ‘கிழக்கு இன்னாரும் பங்காளரும்’ என்று உறுதியில் எல்லை எழுதியிருக்கும். அந்த இன்னார் இன்று உயிரோடு இல்லை. வேலியில் நின்ற பூவரசும் கிளுவையும் இல்லை. சில இடங்களில் ஒழுங்கையே அழிந்துவிட்டது. அடையாளத்துக்கு மிஞ்சியிருப்பது அநேகமாகக் கிணறுதான். அதனால் நில அளவையாளரைக் கூட்டிப் போகும் நாளில் பக்கத்துக் காணிக்காரரையும் வரச்சொல்லுங்கள், கிராம சேவகருக்கும் சொல்லிவையுங்கள். உறுதியில் ‘கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும்’ என்று இருந்தால் அந்தத் தண்ணீர் அயலுக்கும் சொந்தம். மதில் கட்டும்போது அதை மறிக்காதீர்கள்.

பற்றைக்குள் தனியாக இறங்க வேண்டாம். மண்டையோட்டுச் சிவப்புப் பலகை இருக்கும் இடத்துக்குக் கிட்டவே போகாதீர்கள். பலகை இல்லாவிட்டாலும், மிதிவெடி அகற்றிய இடமா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதி 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டபோது நடப்பதற்கும், நிறுத்துவதற்கும், படம் எடுப்பதற்கும் தடை இருந்தது. அங்குள்ள அறிவித்தலை வாசித்துவிட்டுப் போங்கள்.

உங்கள் வளவில் வேறு குடும்பம் இருந்தால் முதலில் உட்கார்ந்து பேசுங்கள். சொந்தக் காணி இன்னும் படையினர் கையில் இருப்பதால் ஆண்டுக்கணக்கில் அடுத்தவர் காணியில் கிடக்கும் சனம் இருக்கிறது. மல்லாகம், சுன்னாகம் பக்கத்து நலன்புரி நிலையங்களில் (இடம்பெயர்ந்தோர் முகாம்களில்) பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றவர்களும் உண்டு. நீங்கள் அங்கே குடியிருக்கப் போவதில்லையென்றால் அவர்களை உடனே எழுப்ப என்ன அவசரம்? ஆனால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். உங்கள் அனுமதியோடுதான் இருக்கிறார்கள் என்று காலம் குறித்துச் சட்டத்தரணி மூலம் எழுதுங்கள். எழுத்தில்லாமல் விட்டால், பத்து ஆண்டு ஆட்சியைக் காட்டி உரிமை கோரும் வழக்கு பின்னால் வரலாம். எழுதிய காகிதம் அவர்களுக்கும் பாதுகாப்பு. திடீரென்று யாரும் போகச் சொல்ல முடியாது.

அப்புறம், அற்றோணித் தத்துவம், அதாவது உங்களுக்குப் பதிலாகச் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். திரும்பி வரும் அவசரத்தில் ‘எல்லா அதிகாரமும்’ என்று யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள், உறவினரே ஆனாலும். எந்தக் காணி, என்ன வேலை என்று குறித்து, விற்கும் அதிகாரம் இல்லை என்றும் சேர்த்து எழுதுங்கள். வேலை முடிந்ததும் இரத்துச் செய்து, அந்த இரத்தையும் பதிந்துவிடுங்கள்.