பாற்கடலுக்கு வெள்ளி பூசாதீர்கள்

சேலத்தில் என்னிடம் சிற்றோவியம் (மினியேச்சர்) பழக வருகிறவர்களுக்குப் படைப்புக் காட்சிகள்மேல்தான் கண்: பாம்பணையில் திருமால், நாபித் தாமரையில் பிரம்மா, ஊழி வெள்ளத்தில் மிதக்கும் பொன்முட்டை. நான் பழகிய காலத்துச் சொதப்பல்களையே இவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். கை நடுக்கம், தூரிகையைச் சரியாக அலசாதது எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும், விடுங்கள்.

வெள்ளி

இதை எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. கொலுசுப் பட்டறைகள் நிறைந்த ஊர் என்பதாலோ என்னவோ, நீர் என்றதும் எல்லோருக்கும் வெள்ளிதான் நினைவுக்கு வருகிறது. ராஜஸ்தானத்து ஓவியர்களே குளத்துக்கும் ஆற்றுக்கும் வெள்ளி பூசியிருக்கிறார்களே என்பார்கள். பூசினார்கள், சரி. அந்தக் குளங்களில் பல இன்று கரிய திட்டுகளாக நிற்கின்றன. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு வெள்ளி சல்பைடாக மாறுகிறது. ஈரம் அதை விரைவாக்கும்.

ஏற்காட்டிலிருந்து வந்த ஒரு பெண் பாற்கடல் முழுவதையும் வெள்ளிப்பொடியால் நிரப்பினார். மாதக்கணக்கான வேலை. மலை மழையும் மூடுபனியும் ஒரு சுற்று முடிந்தபோது, ஆதிசேஷன் தார்க்குளத்தில் கிடந்தார். அதோடு விட்டாரா? கொலுசுக்குச் செய்வதுபோல் விபூதி போட்டுத் தேய்த்தார். கொலுசைத் தேய்த்தால் உள்ளே வெள்ளி இருக்கும். ஓவியத்தில் இருப்பது பிசின் பிடித்து நிறுத்திய பொடி. கடலோடு பாம்பின் வாலும் உதிர்ந்து காகிதம் தெரிந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டாலும் கருப்பது தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

இமயமலை அடிவாரத்துக் குலேரின் ஓவியர் மானக்கு 1740 வாக்கில் வரைந்த பொன்முட்டையைப் பாருங்கள். முட்டைக்குத்தான் பொன். நீரைச் சுழல் சுழலான கோடுகளாலேயே அசைய வைத்துவிட்டார். தங்கம் கருக்காது, கோடும் கருக்காது. அப்புறம் எதற்கு வெள்ளி?

ரேக்கு

தஞ்சாவூர் ஓவியம் பழகிவிட்டு வந்தவர்கள் இங்கும் ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு, ஒட்டப் பார்க்கிறார்கள். இதில் தங்கத்தை அரைத்துப் பூசி, காய்ந்தபின் அகேட் கல்லால் மெருகிட வேண்டும். பிசின் கூடினால் பளபளப்பு செத்துவிடும்.

வெற்றிடம்

படைப்புக்கு முன் ஒன்றுமில்லை என்பதுதானே கதை? அங்கே மீன், தாமரை, நட்சத்திரம் எதற்கு? ஜோத்பூரில் 1823இல் புலாகி என்ற ஓவியர் நாத யோகிகளின் மரபுக்காக வரைந்த ஓவியத்தில் முதல் கட்டம் முழுக்க வெறும் பொன். உருவமே கிடையாது.

திருப்பிப் போட்ட நகல்

நகலெடுத்த தாளைத் திருப்பிப் போட்டால் திருமாலின் சங்கும் சக்கரமும் கை மாறிவிடும். சங்கு, சக்கரம், கதை, தாமரை நான்கும் எந்தெந்தக் கையில் இருக்கின்றன என்பதை வைத்துத்தான் கேசவன், நாராயணன் என்று அவருடைய 24 வடிவங்களைப் பிரிக்கிறார்கள்.

ஜிகினா

வேண்டாம். ஜம்மு மலைப்பகுதியின் பசோலி ஓவியர்கள் நகைகளில் மரகதத்துக்குப் பதிலாக ஒட்டியது வண்டின் பச்சைச் சிறகுறை.