கிராண்ட் கேன்யனில் ஒரு நாள்: அரை மணி நேரமாவது இறங்குங்கள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸில் குடியிருப்பதால், ஊரிலிருந்து யார் வந்தாலும் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குக் காரோட்டும் வேலை என் தலையில்தான் விழும். இதுவரை பதினொரு முறை போயிருக்கிறேன். வந்தவர்களில் பாதிப் பேர் விளிம்பிலுள்ள மாத்தர் பாயின்ட் கம்பித் தடுப்பில் சாய்ந்து நாலு படம் எடுத்துக்கொண்டு, "சரி, அடுத்து எங்கே?" என்றவர்கள். நாலு மணி நேரம் ஓட்டி வந்தவனுக்கு வயிறு எரியாதா?

மேலே நின்று பார்த்தால் அது ஒரு பெரிய ஓவியம், அவ்வளவுதான். கொஞ்சமாவது இறங்கினால்தான் அதற்கு ஆழம் வரும்.

ஏப்ரல் கடைசி அல்லது அக்டோபரில் போங்கள். முந்தின இரவே பக்கத்து ஊர்களான வில்லியம்ஸிலோ டூசாயனிலோ தங்கிவிடுங்கள். பாலைவனம்தானே என்று ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். தெற்கு விளிம்பு கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர். ஏறக்குறைய நம் கொடைக்கானல் உயரம். காலையில் பல் கிட்டும். ஆனால் கீழே இறங்க இறங்க வெயில் ஏறும். அடியில் ஓடும் கொலராடோ ஆற்றின் கரைக்கும் விளிம்புக்கும் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் உண்டு. ஆகவே கழற்றிப் பையில் வைக்கத் தோதாக அடுக்கடுக்காக உடுத்துங்கள்.

ஏழரை மணிக்குள் பார்வையாளர் மையத்தில் காரை நிறுத்துங்கள். அங்கிருந்து ஆரஞ்சு வழித்தட இலவச பஸ் தெற்கு கைபாப் பாதையின் தலைமாட்டில் இறக்கிவிடும். சொந்தக் காரில் அங்கே போக முடியாது. பாதையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. குழாய் மேலே மட்டும்தான். தலைக்கு இரண்டு லிட்டர் பிடித்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்திலேயே பாதை பாம்புபோல் வளைந்து வளைந்து சரேலென இறங்கும். மண் அரிக்காமலிருக்கக் குறுக்கே மரக்கட்டை பதித்துப் படி அமைத்திருக்கிறார்கள். படிக்குப் படி உயரம் மாறும். முழங்கால்தான் கணக்குச் சொல்லும். ஊன்றுகோல் ஒன்று இருந்தால் நல்லது. கோவேறு கழுதைகள் வரிசையாக வந்தால், பள்ளத்தின் பக்கம் போகாமல் பாறைச் சுவரை ஒட்டி அசையாமல் நில்லுங்கள். ஓட்டுபவர் சொல்வதைக் கேளுங்கள். அவை போன பின் சிறுநீர் நாற்றம் சற்று நேரம் தங்கும். படத்தில் வராத விஷயம் அது!

1.4 கிலோமீட்டரில் ஊ-ஆ பாயின்ட். முதன்முதலாகக் கிழக்குப் பக்கம் மொத்தமாகத் திறக்கும் இடம். 64 வயது அத்தை புடவையும் கேன்வாஸ் ஷூவுமாக இதுவரை வந்து திரும்பியிருக்கிறார். கால் வலு இருந்தால் இன்னும் ஒரு கிலோமீட்டர் இறங்குங்கள், சீடர் ரிட்ஜ் வரும். மேலே வெளிறிய சுண்ணாம்புக் கல்லில் தொடங்கிய கால், இங்கே செக்கச்செவேலென்ற மண்ணில் நிற்கும். கழிப்பறையும் இருக்கிறது. எங்கள் எல்லை இதுதான். விளிம்பிலிருந்து சுமார் 340 மீட்டர் இறங்கியிருப்பீர்கள்.

திரும்புவதற்கு ஒரே கணக்கு: இறங்க எவ்வளவு நேரமோ, ஏற அதைப் போல் இரண்டு மடங்கு. மலையேற்றத்தில் களைத்த பின் இறங்குகிறோம். இங்கே களைத்த பின்தான் ஏற வேண்டும். இதை நான் பட்டுத்தான் கற்றேன். முதல் முறை, ஜூன் மாதம், மச்சினரும் நானும் ஒன்றரை லிட்டர் தண்ணீரோடு சீடர் ரிட்ஜையும் தாண்டிக் கீழே ஸ்கெலிட்டன் பாயின்ட் வரை இறங்கிவிட்டோம். ஏறும்போது பாதி வழியில் மச்சினர் ஒரு பாறை நிழலில் சாய்ந்து வாந்தி எடுத்தார். அந்த வழியாக வந்த ஒரு பாட்டி உப்பு பிஸ்கட்டும் தண்ணீரும் கொடுத்து, இருபது நிமிடம் உட்கார வைத்தார். வியர்வையில் உப்பும் போய்விடுகிறது. வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தாலும் ஆபத்துதான். அன்றிலிருந்து என் பையில் உப்புக்கடலையும் முறுக்கும் இல்லாமல் கிளம்புவதில்லை. அணிலுக்கு மட்டும் கொடுக்காதீர்கள். சாதுவாக வந்து கையைக் கடித்துவிடும். கொடுப்பதே சட்டப்படி குற்றம்.

பதினொரு மணிக்குள் மேலே வந்து, மர நிழலில் தயிர் சாதம். அப்புறம் யாவபாய் நிலவியல் அருங்காட்சியகத்திலிருந்து மேற்கே போகும் சமதளப் பாதை. இதைக் 'காலப் பாதை' என்கிறார்கள். ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் ஆண்டுகள் பின்னால் போனதாகக் கணக்கு. தரையில் வெண்கலக் குறிகள் பதித்திருக்கிறார்கள். பள்ளத்தாக்கின் ஒவ்வொரு பாறை வகையிலும் ஒரு துண்டை, அது பிறந்த காலத்துக்கு நேராக நிறுத்தியிருக்கிறார்கள். தொடலாம். 270 மீட்டர் வாக்கில் காலையில் நாம் மிதித்துக் கிளம்பிய கைபாப் சுண்ணாம்புக் கல் வரும். 1,750 மீட்டர் வாக்கில் வருவது கறுத்த, மின்னும் விஷ்ணு பாறை. ஆமாம், நம் விஷ்ணுதான். கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர் 1880களில் இங்குள்ள சிகரம் ஒன்றுக்கு விஷ்ணு கோயில் என்று பெயர் வைத்தார். பிரம்மா, சிவன் பெயரிலும் சிகரங்கள் உண்டு. என் அம்மா அந்தக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். 175 கோடி ஆண்டுகள் என்று நான் விளக்கியபோது, "பெருமாளுக்கு அது ஒரு வயதா?" என்றார்.

மாலையில் சூரியன் மறைவதைப் பார்க்க எல்லோரும் ஹோபி பாயின்ட்டுக்கு ஓடுவார்கள். நான் காரை எடுத்துக்கொண்டு கிழக்கே நாற்பது நிமிடம் டெசர்ட் வியூவுக்குப் போவேன். மேரி கோல்ட்டர் வடிவமைத்து 1932இல் எழுந்த கற்கோபுரம் அங்கே இருக்கிறது. உள்ளே ஹோபி என்ற பூர்வகுடியைச் சேர்ந்த ஓவியர் ஃபிரெட் கபோட்டியின் சுவரோவியங்கள். கோபுரத்தை அடைத்துவிடுவார்கள், அதனால் வெயில் சாயும் முன்பே போய் ஓவியங்களைப் பார்த்துவிடுங்கள். கொலராடோ ஆறு இங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.

அங்கிருந்து மறுநாள் பேஜ் என்ற ஊர்ப் பக்கம் போகிறவர்கள் கைபேசிக் கடிகாரத்தை நம்பாதீர்கள். கோடையில் அரிசோனா நேரத்தை மாற்றாது, வழியிலுள்ள நவஹோ பூர்வகுடிகளின் நிலம் மாற்றும். வழியில் ஒரு மணி நேரம் கூடிக் குறையும். ஊர் திரும்புகிறவர்கள் இருட்டில் மெதுவாக ஓட்டுங்கள். எல்க் மான்கள் சாலை நடுவில் நிற்கும், விளக்கைப் பார்த்தாலும் நகராது.