ரஸ்ட் கற்கப் புத்தகம் வாங்க வேண்டாம்

ரஸ்ட் என்ற நிரல்மொழியை ரஸ்டப் என்ற நிறுவல் கருவி மூலம் நிறுவியிருந்தால், அந்த மொழியின் அதிகாரப்பூர்வப் பாடநூல் ஏற்கெனவே உங்கள் கணினியில் இருக்கிறது. டெர்மினலில் 'ரஸ்டப் டாக் --புக்' என்று ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள். பிரவுசரில் முழு நூலும் திறக்கும். இணையம் தேவையில்லை.

ரஸ்டப் வழக்கமாகக் கம்பைலரோடு (நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) ஆவணங்களையும் சேர்த்தே இறக்கிவிடுகிறது. ரஸ்டின் புதிய பதிப்பு 6 வாரத்துக்கு ஒருமுறை வரும், அச்சுப் புத்தகம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. 'ரஸ்டப் அப்டேட்' கொடுத்தால் கம்பைலரும் பாடமும் சேர்ந்தே புதுப்பிக்கப்படும். '--புக்' இருக்கும் இடத்தில் '--எஸ்டிடி' போட்டால், மொழியோடு வரும் ஆயத்த நிரல்களின் தொகுப்பான ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் விளக்கம் வரும். நிரல் எழுதும்போது அதிகம் உதவுவது உண்மையில் இதுதான்.

உபுண்டு லினக்ஸில் 'ஆப்ட்' என்ற மென்பொருள் நிறுவும் கருவி வழியாகக் கம்பைலரை மட்டும் போட்டவர்களுக்கு இந்தக் கட்டளை கிடைக்காது. ரஸ்டப்பிலேயே 'மினிமல்' (குறைந்தபட்ச) புரொஃபைலில் நிறுவியிருந்தால் ஆவணங்கள் வந்திருக்காது. 'ரஸ்டப் காம்போனன்ட் ஆட் ரஸ்ட்-டாக்ஸ்' கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். அப்புறம், நூல் ஆங்கிலத்தில்தான் இருக்கும். நிரலாக்கமே புதிது என்றால் முதல் பாடமாக இது கொஞ்சம் கடினம், பைத்தானில் தொடங்குவதே மேல்.