மாங்காய்ப் பணத்துக்கு மாதச் சம்பளம்

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு வரவு வருசத்துக்கு ஒரே பருவம்தான். மே முதல் ஜூலைக்குள் பெங்களூரா ரக மாங்காய் மாங்கூழ் ஆலைக்குப் போனால் கையில் காசு. செலவு அப்படிக் காத்திருக்காது: இரண்டு மாதத்துக்கொருமுறை கரண்ட் பில், ஜூனில் பள்ளிக் கட்டணம், ஐப்பசியில் தீபாவளி. முன்பெல்லாம் கார்த்திகை பிறந்தால் எங்கள் வீட்டில் நகை அடகுக்குப் போகும்.

இப்போது காய்ப் பணம் முழுக்கத் தனிக் கணக்கில். உழவு, மருந்தடிப்புக்கு முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியை 13 பங்காக்கினேன். 12 பங்கு, மாதம் ஒன்றாக, 1-ஆம் தேதி வீட்டுச் செலவுக் கணக்குக்குத் தானாகப் போய்விடும். வங்கியில் எழுதிக் கொடுத்தால் போதும். பதின்மூன்றாவது, விலை சரியும் வருசத்துக்கு. ஏடிஎம் கார்டு செலவுக் கணக்குக்கு மட்டுமே. அதுவும் என்னிடம் இல்லை, வீட்டுக்காரியிடம். கேட்டால் உடனே தருவதும் இல்லை!