லாபோவில் நிற்கும் யு-995: எப்படிப் பார்ப்பது?

ஜெர்மனியின் கீல் நகரிலிருந்து லாபோவுக்குப் பஸ் இருக்கிறது. அங்கே கடற்கரை மணலில், இரண்டாம் உலகப்போர்க்கால ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலான யு-995 நிற்கும். உடனே உள்ளே நுழையாமல், முதலில் வெளியே ஒரு சுற்று வாருங்கள்.

நீளம் 67 மீட்டர். முன்பக்கம் சாதாரணக் கப்பல் போலக் கூர், மேலே நடக்கத் தளம். மேற்பரப்பில் ஓடி, தேவைப்படும்போது மட்டும் மூழ்கும் படகு இது. பக்கவாட்டில் புடைத்திருப்பவை தொட்டிகள். ஆட்கள் இருந்த எஃகு உருளை அவற்றுக்கு உள்ளே. முந்தைய 7சி ரகப் படகுகளில் 18.5 மி.மீ. ஆக இருந்த அதன் தடிமனை, இந்த 7சி/41 ரகத்தில் 21 மி.மீ. ஆக்கினார்கள். இன்னும் ஆழம் போகத்தான்.

உள்ளே பின்பக்கமிருந்து முன்னோக்கி நடக்கவேண்டும். வட்டக் கதவுகளில் குனிந்து நுழையணும், முதுகுப்பை வேண்டாம். நான் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். என்னைக் கேட்டால், முதல் இரண்டு அறைகளுக்கே பாதி நேரத்தைக் கொடுங்கள். மின் மோட்டார்கள், அடுத்து ஆறு சிலிண்டர் டீசல்கள் இரண்டு, நடுவே ஒடுங்கிய நடைபாதை. டீசலுக்குக் காற்று வேண்டும். மேலே டீசலில் சுமார் 17 நாட் வேகம் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்). மூழ்கினால் பேட்டரியில் ஏழரை நாட்தான். 4 நாட்டில் ஊர்ந்தால் 80 கடல் மைல், அதாவது 20 மணி நேரம். அப்புறம் சார்ஜ் ஏற்ற மேலே வந்தே ஆகணும். எதிரி விமானங்கள் காத்திருந்தது அதற்குத்தான். பின்னாளில் வந்த ஸ்நார்கல் காற்றுக்குழாய் ஓரளவு உதவியது.

கட்டுப்பாட்டு அறையில் கூட்டம் நிற்கும், பொறுமையாகப் பாருங்கள். தாண்டினால் அதிகாரிகளின் படுக்கைகள், தரைக்கடியில் பேட்டரி. கடைசியில் நான்கு டார்பிடோ குழாய்கள். டார்பிடோக்களுக்கு நடுவேதான் மாலுமிகள் தூங்கினார்கள். ஐம்பது பேர் வரை இருந்த படகு இது.

1943இல் ஹாம்பர்க்கில் ப்ளோம் உண்ட் ஃபோஸ் கப்பல் கட்டும் தளத்தில் கட்டி முடித்தார்கள். சோவியத் துறைமுகங்களுக்குப் போன சரக்குக் கப்பல்களை ஆர்க்டிக் கடலில் வேட்டையாடியது. என்னைப்போல இன்ஜின் அறையில் நின்றவர்கள் அந்தக் கப்பல்களிலும் இருந்தார்கள். இங்கே நிற்கும்போது அவர்களையும் நினையுங்கள். ஜெர்மன் நீர்மூழ்கிகளில் போன சுமார் 40,000 பேரில் முக்கால்வாசிப் பேர் திரும்பவில்லை. போருக்குப்பின் நார்வே இதைக் 'கௌரா' என்ற பெயரில் ஓட்டியது. 1972 முதல் இங்கே அருங்காட்சியகம்.

இன்னொரு நாள் கிடைத்தால் பிரேமர்ஹாஃபனில் யு-2540ஐயும் பாருங்கள். போரின் கடைசியில் வந்த 21ஆம் ரகம். பேட்டரி மிகப் பெரிது. அது மேற்பரப்பைவிட நீருக்கடியில் வேகமாக ஓடும்.